மாமியாரின் சாட்சி

காணாமல் போனவரைப் பற்றி ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் செத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும் என்று வக்கீலம்மா சொன்ன நாளிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. ஒரே வாரத்தில் மூன்று லென்ஸ் விளிம்பு தெறித்துவிட்டது.

புருஷன் செத்ததாக அறிவிக்கக் கேட்டு மனு போட்டாயிற்று. பத்திரிகையில் விளம்பரமும் வந்தாயிற்று. பாக்கி மாமியாரின் சாட்சிதான். உயிரோடு இருந்தால் யாரிடம் பேசியிருப்பாரோ, அவர்களுக்கே ஒரு தகவலும் இல்லை என்று கோர்ட்டில் சொல்ல வேண்டும். பெற்ற தாயைவிட வேறு யார் இருக்கிறார்கள்?

மாமியாரோ பிடி கொடுக்கவில்லை. முதல் வாய்தாவுக்கு முழங்கால் வலி. அடுத்ததற்குத் தலைசுற்றல். மூன்றாவது முறை கோர்ட் வரைக்கும் வந்துவிட்டு, வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்னும் இரண்டு வழக்கு தாண்டினால் இவர்கள் முறை.

"சத்தியம் பண்ணச் சொல்வாங்களா?" என்று கேட்டாள் மாமியார்.

"ஆமா அத்தை. அவர்கிட்டேருந்து சேதி இல்லைன்னு சொன்னா போதும்."

"சேதி வந்துச்சும்மா."

நாலு வருஷத்துக்கு முன்னால், மருமகள் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் மகனிடமிருந்து போன் வந்திருக்கிறது. வேறு ஊரில் வேறு குடும்பம் என்றானாம். யாரிடமும் மூச்சு விடாதே என்றானாம். அதற்கப்புறம் பேசவே இல்லையாம்.

"சொன்னா என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடுவியோன்னு பயம். அதுக்காகப் பெத்த வாயால எப்படிம்மா பொய்ச் சத்தியம் பண்றது?"

அந்த நாலு வருஷத்தில் அவள் இரண்டு தடவை பிணவறைக்குப் போய், யார் யாரோ முகத்தையெல்லாம் பார்த்துவிட்டு வந்திருந்தாள். இரண்டு தடவையும் குளிக்க வெந்நீர் போட்டுக் கொடுத்தது இதே மாமியார்தான். கத்த வேண்டும் போலிருந்தது.

விறுவிறுவென்று உள்ளே போய், மனுவை வாபஸ் வாங்கச் சொன்னாள். வக்கீலம்மா பதறிவிட்டார். கைகூடி வரும் நேரத்தில் என்ன இது என்று கேட்டார்.

"அவன் சாகலைம்மா. விட்டுட்டு ஓடிட்டான். அதுக்கு என்ன மனுவோ, அதை எழுதுங்க."

ஏழு வருஷத்தில் அவள் அவனை 'அவன்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வக்கீலம்மா ஒரு வெள்ளைத்தாளை உருவி, விட்டுப்போன தேதியைக் கேட்டார்.

வெளியே வந்தபோது, "நான் எங்கம்மா போவேன்?" என்றாள் மாமியார். பஸ்ஸில் ஏறத் தடுமாறிய மாமியாரை அவள் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். மாமியார் பக்கத்தில் காலி சீட் இருந்தும், வீடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.