ஜீப்புக்கு வழி

ஓடை மணலில் இரண்டாவது தடவையாகச் சக்கரம் புதைந்தபோது அடைக்கலமேரி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே இறங்கினாள். டிரைவர் மாயக்கண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான்.

"நாலு சக்கரமும் இழுக்குற வண்டிதான் டீச்சர். ஆனா இது பொல்லாத மணலு. டயர்ல காத்தைக் கொறச்சாத்தான் ஏறும்."

காற்றை இறக்கினார்கள். அவள் உடைமரக் கிளைகளை ஒடித்து வந்து சக்கரத்துக்கு முன்னால் பரப்ப, அவன் செம்மண் சரளையை மண்வெட்டியால் அள்ளி அதன்மேல் போட்டான். வண்டி முக்கி முனகி அக்கரையில் ஏறியதும் அவள் சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டினாள். முள் கீறி முழங்கையில் ரத்தம் வந்திருந்ததை வீட்டுக்குப் போன பிறகுதான் பார்த்தாள்.

மூன்று நாளாக இதே வேலை. மானகிரிக்கு வடக்கே நாலு மைல் பொட்டலைத் தாண்டி இருக்கிறது ஆவாரங்கொல்லை. முப்பது வீடு. ரோடு கிடையாது, மாட்டுவண்டித் தடம்கூடப் பாதியில் காணாமல் போய்விடும். அங்கே ஓராசிரியர் பள்ளியில் ஏழு வருஷமாக அவள்தான் டீச்சர். தினமும் மானகிரியில் தன் வீட்டிலிருந்து கிளம்பி, வற்றிக் கிடக்கும் கண்மாய்க்குள் இறங்கி, ஒற்றையடிப் பாதையில் குறுக்கே நடந்து போவாள். ஜீப் அந்த வழியில் இறங்காது. கண்மாயைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். எங்கே தரை இறுகியிருக்கும், எங்கே மேலே காய்ந்து உள்ளே சேறாக இருக்கும் என்பதெல்லாம் அவள் காலுக்குத் தெரியும். திருப்பத்துக்குத் திருப்பம் கல்லில் சுண்ணாம்பால் பட்டை அடித்துக்கொண்டே போனாள்.

எல்லாம் அண்ணன் ஞானசேகர் கேட்டதற்காக. காரைக்குடியில் சுகாதார இலாகாவில் வேலை அவனுக்கு. அப்பா இறந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது. அவளை ஆசிரியப் பயிற்சியில் சேர்த்து, அவள் படித்து முடிக்கிற வரைக்கும் தான் கல்யாணம் கட்டாமல் இருந்தவன். முதல் நாள் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்து விட்டவனும் அவன்தான். "கண் முகாம் நடத்தப்போறோம் மேரி. ஆவாரங்கொல்லைக்காரகளைக் கூட்டிட்டுப் போயி, கண்ணைப் பாத்து, கண்ணாடி குடுத்து, சாயங்காலமே கொண்டாந்து விட்டுருவோம். பார்வை இல்லாதவுகளை நாலு மைலு நடக்க வைக்க முடியுமா? ஜீப்பு உள்ள வரணும். வழி ஒனக்குத்தானே தெரியும்" என்றான்.

அவன் கேட்டபடி பெயர்களும் எழுதிக் கொடுத்தாள். முதலில் ஆண்கள், பெண்களுக்கு அடுத்த மாசம். பெயர், வயது, எத்தனை பிள்ளைகள். "கண்ணாடிக்குப் பிள்ளைக எதுக்குண்ணே?" என்று கேட்டதற்கு, "கவர்மெண்டு பாரம்னா அப்படித்தான், பாட்டன் பேரு வரைக்கும் கேப்பாக" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள்.

ஊரைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அது எழுபத்தாறாம் வருஷம். நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தது. பிள்ளை பெறாமல் அறுத்துவிடுகிறார்கள் என்று பேச்சு பரவி, ஜீப்பைக் கண்டாலே ஆம்பிளைகள் காட்டுக்குள் ஓடி ஒளிகிற காலம். குழந்தைவேலுதான் எல்லாருக்குமாகக் கேட்டான். இருபத்துநாலு வயது. கண்ணில் ஓயாமல் நீர் வடிந்துகொண்டிருக்கும் அவனுக்கு. மூன்று மாசத்துக்கு முன்னால்தான் கல்யாணம் ஆகியிருந்தது.

"நீங்க சொன்னா வாரோம் டீச்சரம்மா. ஆனா வேற ஒண்ணும் இல்லையில்ல?"

"எங்கூடப் பிறந்த அண்ணன் நடத்துற முகாம். நானே கூட வாரேன். என்னையப் பாத்த பிறகு ஏறுங்க, போதுமா?"

சரி என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

புறப்படுகிற அன்று காலை ஜீப் அவள் வீட்டு வாசலில் நின்றது. மாயக்கண்ணன் பின்னால் தாம்புக்கயிறும் இரண்டு பலகையும் மண்வெட்டியும் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் டின்னை வைக்க இடம் வேண்டி அவள் முன்சீட்டில் கிடந்த, கயிறு கட்டிய ஃபைலை நகர்த்தினாள். கயிறு நழுவித் தாள்கள் விரிந்தன. மேலே கிடந்தது தன் பட்டியல் என்று பெயர்களைப் பார்த்ததும் தெரிந்தது. டைப் அடித்திருந்தார்கள். தலைப்பைப் படித்தாள். குடும்பக் கட்டுப்பாடு அறுவைச் சிகிச்சை முகாம். மறுபடி படித்தாள். வரிசையாக இறங்கிய விரல் குழந்தைவேலுவின் பெயரில் நின்றது. பிள்ளைகள் என்ற கட்டத்தில் அவள் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அங்கே 'மூன்று' என்று இருந்தது. தாளின் அடியில், ஊக்குவித்தவர்: சூ. அடைக்கலமேரி, ஆசிரியை.

தாளைப் பிடித்தபடியே மாயக்கண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கயிற்று முடிச்சை அவிழ்த்து, அதே முடிச்சை மறுபடி போட்டான்.

"ஒனக்கும் தெரியுமா?"

"நான் வண்டி ஓட்டுறவன் டீச்சர்" என்றான், நிமிராமலே.

ஞானசேகர் வெற்றிலையை மென்றுகொண்டே வீட்டுக்குள்ளிருந்து வாசலுக்கு வந்தான். அவள் கையில் இருந்த தாளைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினான்.

"கண்ணுன்னு சொன்னீகளேண்ணே."

"கத்தாத. யாரும் சாகப்போறதில்ல."

"அவனுக்கு ஒரு பிள்ளைகூட இல்லை. மூணுன்னு யாரு எழுதுனது?"

அவன் துப்பிவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றான். குரல் இறங்கியிருந்தது. "எனக்கு இருபது ஆளு விதிச்சிருக்காக மேரி. ஒருத்தன்கூட வரமாட்டேங்குறான். கொண்டாந்து காட்டாதவனை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிக்கிட்டு இருக்காக. நான் என்ன செய்ய?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ வழி காட்டியிருப்பியா?"

அவள் அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இருந்த அதே முகம். மாறியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

"ஏறு. நேரமாகுது" என்றான்.

"வரமாட்டேன்."

"வராட்டிப் போ. அதான் கல்லுக்குக் கல்லு சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கியே."

அவன் ஏறிக்கொள்ள, ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அவள் கதவைக்கூடச் சாத்தாமல், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாள். ஊரைத் தாண்டி, பொட்டலைத் தாண்டி, ஓடமுடியாத இடத்தில் நடந்து, கண்மாய்க்குள் இறங்கினாள். குறுக்குப் பாதை பாதித் தூரம்தான். ஓடையில் அவர்கள் காற்றை இறக்க நிறுத்துவார்கள், பலகை போடுவார்கள். அதற்குள் போய்விடலாம். நெருஞ்சி குத்தியது. மூச்சு நெஞ்சை அடைத்தது. வலது பக்கம் தூரத்தில் ஜீப்பின் உறுமல் கேட்டது. ஓடையில் அது நிற்கவே இல்லை. மூன்று நாள் அவள் பரப்பிய கிளையும் சரளையும் அவ்வளவு நன்றாக இறுகியிருந்தன.

கண்மாயின் எதிர்க்கரையில் ஆட்கள் தெரிந்தார்கள். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வரிசையாகக் கரைமேல் நின்றார்கள். ஜீப் சத்தம் கேட்டு இரண்டு மூன்று பேர் பின்வாங்கிக் காட்டுப் பக்கம் நகர்வதையும் பார்த்தாள்.

"ஓடுங்க! ஏறாதீக! ஓடிருங்க!"

காற்று எதிராக அடித்தது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி வீசிக்கொண்டு கத்தினாள். கரையில் யாரோ அவளைச் சுட்டிக் காட்டினார்கள். விலகிப்போனவர்கள் நின்று திரும்பினார்கள். குழந்தைவேலு தோளில் கிடந்த துண்டை எடுத்து உயரத் தூக்கி அவளைப் பார்த்து ஆட்டினான். அவன் ஆட்டவும் மற்றவர்களும் ஒவ்வொருவராகத் துண்டை எடுத்து ஆட்டினார்கள். பிறகு ஜீப் வருகிற பக்கமாகக் கரையிலிருந்து இறங்கத் தொடங்கினார்கள்.