நகத்துண்டுக் கடற்கரை

“இப்ப எங்க நிக்கிற?” என்று என் வீட்டுக்காரர் போனில் கேட்டார்.

“ஐஸ் கம்பெனி பின்சுவர்கிட்ட. போன ஞாயித்துக்கிழமை எங்க எட்டு பேரையும் கூட்டிட்டு வந்து நிறுத்தினீங்களே, அதே இடம்.”

“துணியைத் தூக்கிக் காட்டு.”

நானும் என் நாத்தனாரும் ஆரஞ்சு நிறத் திரைச்சீலை ஒன்றை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினோம். ஐஸ் கம்பெனி மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர், வெயில் தலைக்கேறிவிட்டதா இல்லை பிறவியிலேயே இப்படியா என்பதுபோல எங்களைப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். ஊருக்கு நடுவே, நாற்பது மாடிக் கட்டடத்துக்கும் மேலே, வானத்தில் ஒரு மஞ்சள் கை நீண்டிருந்தது. அந்தக் கையின் தோள்பட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. என் வீட்டுக்காரர் அதற்குள்தான் இருந்தார்.

“தெரியுது! நல்லாத் தெரியுது!” என்றார். பதினெட்டு வருடத்தில் அவர் குரலை இவ்வளவு சத்தமாக நான் கேட்டதில்லை.

அவர் டவர் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் ஏணி ஏறி முடிக்கவே அரை மணி நேரம் ஆகும். ஏறிவிட்டால் சாயங்காலம்தான் இறங்குவார். சாப்பாடும் தண்ணீரும் மேலேயே. பேச்சுத் துணைக்கு ஒரு வாக்கி டாக்கி. அதிலும் ‘தூக்கு’, ‘இறக்கு’, ‘நிறுத்து’ தவிர வேறு பேச்சு கிடையாது. அப்படி இருந்த மனிதர் எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் வீட்டுக்குள் நுழையும்போதே, “இங்க பாரேன், இன்னைக்கு ஒண்ணு பார்த்தேன்” என்றார். அன்றுதான் கிரேனை ஒரு படி உயர்த்தியிருந்தார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கரட்டுக்கு, அந்தப் பாறைக்குன்றுக்கு, பின்னால் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்ததாம். அடுத்த முறை உயர்த்தியபோது அந்தக் கோடு அலை என்று தெரிந்தது. அதற்கடுத்த முறை மணல் வந்தது, மாடு படுத்திருப்பது போல ஒரு கறுப்புப் பாறை வந்தது. “வெட்டிப் போட்ட நகத்துண்டு மாதிரி ஒரு கடற்கரை. ஒரு ஈ காக்கா கிடையாது” என்றார். கால் வைக்க இடமில்லாத இந்த ஊரில், பொதுக் கடற்கரையில் உட்கார்ந்தால் அடுத்தவர் முழங்கை நம் விலாவில் இடிக்கிற இந்த ஊரில், ஆள் இல்லாத கடற்கரையா? நான் நம்பினேனா என்றால், பாதி நம்பினேன். ஆனால் தினமும் சாயங்காலம் அதைக் கேட்பதற்காகவே தையல் மிஷினைச் சீக்கிரம் மூடிவைக்க ஆரம்பித்தேன். இன்றைக்கு அங்கே தண்ணீர் என்ன நிறம், எத்தனை பறவை வந்து உட்கார்ந்தது, மாட்டின் முதுகு வரை அலை ஏறியதா என்று சொல்வார். கல்யாணமான புதிதில்கூட அவர் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தையே கூட்டிக்கொண்டு கிளம்பினார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதையாக ஆனது. மேலே இருந்து பார்க்கிறவருக்குச் சுவரெல்லாம் வெறும் கோடு. தரையில் இறங்கினால் அந்தக் கோடு ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம் நிற்கிறது. மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு, ஐஸ் கம்பெனிக் கழிவுநீர் தேங்கிய குட்டைக்கு முன்னால் வந்து நின்றோம். நாத்தனாரின் கணவர், “மச்சான், இதுதான் உங்க கடலா? அலையைக் காணோமே?” என்றார். எல்லோரும் சிரித்தோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்தேன். அவரும்கூடச் சிரித்தார். ஆனால் மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் கடலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. “சாப்பாடு எடுத்து வை” என்பதோடு சரி. நாளைக் காலையிலிருந்து கிரேனைக் கழற்றப் போகிறார்கள் என்பதைக்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கழற்றிவிட்டால் அந்தக் கடற்கரை அவ்வளவுதான். அவர் ஆயுசுக்கும் கதை அளந்தவராகவே இருந்துவிடுவார், எனக்கு அந்தச் சாயங்காலங்கள் திரும்ப வராது.

வழி எனக்கு என் தொழிலில் இருந்து கிடைத்தது. திரைச்சீலை தைக்கிறவளுக்கு முதல் பாடம் இதுதான்: எதிர் வீட்டு ஜன்னல் நமக்குத் தெரிந்தால் நம் ஜன்னல் அவர்களுக்கும் தெரியும். நேற்று ஒரு வீட்டில் கம்பி மாட்டிக்கொண்டே அந்த அம்மாளிடம் இதைச் சொன்னேன். சொன்ன வாய் மூடவில்லை, அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம். கிரேன் எனக்குத் தெரிகிற இடத்தில் எல்லாம் அவருக்கு நான் தெரிவேன். ஞாயிற்றுக்கிழமை வழி தெரிந்தவர் தரையில் இருந்தார், மேலே யாருமில்லை. அதுதான் நாங்கள் செய்த தப்பு.

நாத்தனார் தானாகவே ஒட்டிக்கொண்டாள். பல் டாக்டரிடம் உதவியாளர். அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பதே வேலை என்பதால் தன் வாயையும் மூடுவதில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். “ஸ்கூல் மாடியில ஒட்டகச்சிவிங்கி பார்த்தேன்னு சொன்ன ஆளு அண்ணி, எங்க அண்ணன். நான் அஞ்சு வயசுல நம்பி ஏமாந்தவ. அங்க மட்டும் கடல் இருந்துச்சுன்னா, இனிமே அவன் சொல்றது எதையும் நான் மறுத்துப் பேச மாட்டேன். சத்தியம்.”

அவருக்குச் சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரையில் இருந்து ஒன்றரை வரை. நாங்கள் ஐஸ் கம்பெனியைத் தாண்டும்போதே ஒன்று அடித்துவிட்டது.

“சுவரை ஒட்டியே வலது பக்கம் போ. கடைசியில ஒரு ஓட்டை இருக்கும், பார்.”

இருந்தது. மனிதர் நுழையலாம், கொஞ்சம் மூச்சை இழுத்துக்கொண்டால். நாத்தனார் நுழையும்போது என் பக்கம் திரும்பி, “சிரிச்சீங்க, திரும்பிப் போயிடுவேன்” என்றாள். அப்புறம் முள்செடிகள். பையில் இருந்து துண்டுத் துணிகளை எடுத்து, பத்தடிக்கு ஒன்றாக முள்ளில் கட்டிக்கொண்டே வந்தேன். எதற்கு என்று நாத்தனார் கேட்டாள். “உங்க அண்ணன் வரும்போது மேல இருந்து வழி சொல்ல ஆள் இருக்காதே” என்றேன். அவளும் ஒரு துண்டை வாங்கி அடுத்த முள்ளில் கட்டினாள். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய தண்ணீர்க் குழாய் ஒன்று குறுக்கே கிடந்தது. அதன் மேல் ஏறித் துணியை விரித்தோம்.

“இப்ப நேரா கரட்டைப் பார்த்து ஏறு. கொஞ்சம் இடப்பக்கமா. ஐயோ, உனக்கு இடப்பக்கம். ஆங், அப்படித்தான். சாப்பிட்டியா?”

“நீங்க சாப்பிட்டீங்களா?”

“இதுல எங்க சாப்பிடறது.”

“அண்ணே, கால்ல முள்ளு குத்திடுச்சுண்ணே!” என்று நாத்தனார் போனுக்குள் கத்தினாள்.

“கடல்தண்ணில வெச்சா சரியாயிடும்” என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் அடித்த முதல் நகைச்சுவை.

கரட்டின் தலைக்கு வந்து எட்டிப் பார்த்தேன். முன்னால் பாறை, அதற்குப் பின்னாலும் பாறை. கடலைக் காணோம். அவர் அவசரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: “மாடு தெரியுதா? அந்த மாட்டோட கழுத்துக்குப் பக்கத்துல...” தூரத்தில் கட்டட சைட்டின் சங்கு ஊதியது. “வெச்சிடறேன், சரக்கு வந்துடுச்சு” என்றார். போன் அடங்கிவிட்டது. வேலை நேரத்தில் போனைத் தொடுகிற ஆள் இல்லை அவர். அந்த விஷயத்தில் சாமியார்.

“சரி, கழுத்துதானே?” நாத்தனார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். “மாட்டுக்குக் கழுத்து எங்க இருக்கும்னு எனக்குத் தெரியும். நீங்க வாங்க அண்ணி.” பாறைக்கும் பாறைக்கும் நடுவே ஓர் இடுக்கு. அவள் பக்கவாட்டில் இறங்கி மறைந்தாள். வாயை மூடவே தெரியாதவள் மூடிவிட்டாளே என்று பதறிக்கொண்டு நானும் இறங்கினேன்.

இறங்கியதும் முதலில் நின்றது இரைச்சல். யாரோ கதவைச் சாத்தியது மாதிரி லாரிகளும் ஹாரன்களும் ஒரே நொடியில் காணாமல் போயின. அதுவரை அந்தச் சத்தம் காதில் விழுந்துகொண்டிருந்ததே எனக்குத் தெரியாது. அப்புறம் மணல். நண்டுகள் நடந்த தடத்தையும் இப்போது நாத்தனார் ஓடிய தடத்தையும் தவிர அதில் ஒரு காலடி இல்லை. நிஜமாகவே வெட்டிப் போட்ட நகத்துண்டுதான். இந்த முனையில் இருந்து அந்த முனைக்கு நூறு அடி இருந்தால் அதிகம். தண்ணீர் பச்சையாக வந்து, வெளுத்து, ஓசைப்படாமல் திரும்பிப் போனது. எட்டு மாதம் கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாமே பழகிய இடமாக இருந்தது. மாட்டின் முதுகில் வெள்ளைப் பறவைகள் எங்கே உட்காரும் என்பதுகூடத் தெரிந்திருந்தது. அங்கேயேதான் உட்கார்ந்திருந்தன, மூன்று. ஒரு சொல்கூட அவர் கூட்டிச் சொல்லவில்லை. குறைத்துத்தான் சொல்லியிருந்தார்.

நாத்தனார் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றிருந்தாள். “பாவி, பொய் சொல்லலை” என்றாள். அடுத்த அலை அவளை இடுப்பு வரை நனைத்தது. “முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு” என்று சொல்லிக்கொண்டே வேலைக்குப் போடுகிற உடுப்போடு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் பதவிசாக நின்றேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீரை வாரி அடித்தோம். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. பொதுக் கடற்கரையில் என் கொசுவம் நனைந்தால்கூட யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறவள் நான்.

அப்புறம்தான் நிமிர்ந்தேன். கரட்டுக்கு மேலே, நீல வானத்தில், மஞ்சள் கை. தீப்பெட்டிக் கூண்டு. ஜன்னலுக்கு ஜன்னல்.

“துணி, துணி” என்று ஓடினேன். ஈரக் கையோடு ஆளுக்கொரு முனையைப் பிடித்து உயர்த்தினோம். கடல்காற்று துணியைப் பிடித்துக்கொண்டது. கிரேன் எங்களைக் கவனிக்கவில்லை. அது பலகைக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. மெதுவாகத் திரும்பி, மெதுவாக இறக்கி, கீழே இருப்பவர்கள் மெதுவாக அவிழ்க்கும்வரை காத்திருந்தது. நான் தைத்ததிலேயே கனமான துணி அதுதானோ என்று எனக்குப் பட்டது. தோள்கள் இற்றுப்போயின.

“பார்த்திருக்க மாட்டாங்க. வேலைன்னு வந்துட்டா உங்க அண்ணனுக்கு உலகமே தெரியாது.”

“அவன் பார்ப்பான் அண்ணி” என்றாள் நாத்தனார், மறுத்துப் பேசக்கூடாது என்ற சத்தியத்தை என் விஷயத்தில் செய்யவில்லை என்பதால். “நீங்க கையை இறக்காதீங்க.”

வெறும் கொக்கி மேலே ஏறியது. மஞ்சள் கை நகரத்தின் மேல் சுற்றி வந்தது. கட்டடங்களைக் கடந்தது, துறைமுகத்தைக் கடந்தது, கரட்டுக்கு நேராக வந்து, எங்களுக்கு நேராக வந்து, நின்றது. அந்தத் திசையில் இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் ஒன்றுமே கிடையாது. கீழே சிக்னல் கொடுக்கிறவர் வாக்கி டாக்கியில் என்னென்ன திட்டினாரோ. கை கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தது. கொஞ்சம் வலது பக்கம். மறுபடி இடது.

“அண்ணே!” என்று கத்தினாள் நாத்தனார். அவ்வளவு தூரத்துக்குக் கேட்காது என்று அவளுக்கும் தெரியும். “அண்ணே! ஒட்டகச்சிவிங்கியையும் நம்பறேண்ணே!”

கொக்கி மெல்ல ஓர் ஆள் உயரம் இறங்கி, மெல்ல ஏறியது. எனக்குக் கண் கலங்கி மஞ்சளும் ஆரஞ்சும் ஒன்றாகத் தெரிந்தன. துடைத்துக்கொள்ளக் கை இல்லை. இரண்டு கையிலும் துணி இருந்தது. கொக்கி இன்னொரு முறை இறங்கியது.