யாஃபா குஃபியா

ஹெப்ரான் தறிக்கூடங்களில் இப்போதெல்லாம் ஊருக்கொரு குஃபியாத் துண்டு நெய்கிறார்கள். எரிகோவுக்கு மணல் நிறம், நாப்ளுசுக்கு ஒலிவப் பச்சை, யாஃபாவுக்கு ஆரஞ்சும் கடல் நீலமும். அரூப் அகதி முகாமில் தாத்தாவை எந்த ஊரிலிருந்து துரத்தினார்களோ அதுதான் சொந்த ஊர். துண்டும் அதைப் பார்த்தே வாங்குவார்கள்.

ருவைதாவின் ஊர் தவாய்மா. ஆட்களைச் சுட்டுக்கொன்று, இடித்துத் தரைமட்டமாக்கிய மலைக்கிராமம். அதன் பேரில் துண்டு நெய்ய யாருக்கும் தோன்றவில்லை. மகள் சுஹைலாவைப் பெண் பார்க்கப் பல் டாக்டர் மாப்பிள்ளையின் அம்மா உம்மு ரகீப் வருகிறாளென்றதும் ருவைதா யாஃபாத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். சுஹைலா தடுத்துப் பார்த்தாள். கேட்டால்தானே!

உம்மு ரகீப் சொந்தக்காரர்களோடு வந்து உட்கார்ந்ததும் கேட்டாள். "நீங்க எந்த ஊரும்மா?"

"யாஃபாதான். பாத்தாலே தெரியலையா? ஆரஞ்சுத் தோட்டத்து வாசம் இன்னும் எங்க மேல வீசுது."

"தவாய்மான்னுல்ல சொன்னாங்க?"

"சேச்சே, அந்தப் பட்டிக்காடா?"

உம்மு ரகீப் காபியைக் கீழே வைத்தாள். "எங்க வீட்டுக்காரருக்கு அந்தப் பட்டிக்காடுதான். மகனுக்கும் அந்த ஊர்ப் பொண்ணுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

ருவைதா துண்டை உருவித் திண்டுக்கடியில் திணித்தாள். "ஐயோ, நானும் தவாய்மாதான்! கலர் நல்லாயிருக்கேன்னு வாங்கினேன். எங்கப்பா பேரச் சொன்னா உங்க வீட்டுக்காரருக்குத் தெரியும்!"

"தெரிஞ்சுதான் வந்தோம். உங்கப்பாவோட அண்ணன் தம்பியெல்லாம் அந்த மண்ணுக்குள்ளதான கிடக்காங்க? ஒரு துண்டுக்காக அவங்களையே கைகழுவிட்டியே."

"என்னைச் செருப்பால அடிங்க. பொண்ணு என்ன பண்ணினா?"

"உன் வயித்துல பொறந்தாளே, பத்தாதா?" எழுந்தவள் தட்டோடு நின்ற சுஹைலாவைப் பார்த்தே கேட்டாள். "இந்தத் தெருவுல வேற தவாய்மா வீடு இருக்கா?"

"எதிர்வீடு. நுஹான்னு ஒருத்தி இருக்கா" என்றாள் சுஹைலா, நிதானமாக.

"ஏண்டி காட்டினே?" என்று அவர்கள் போனதும் ருவைதா சீறினாள்.

"இருக்கிறதைத்தானம்மா காட்டினேன்."

கொஞ்ச நேரத்தில் நுஹாவின் அம்மா மூச்சிரைக்க வாசலில் நின்றாள். "ருவைதா, திடீர்னு ஆளுங்க வந்துட்டாங்க, நாற்காலி பத்தலைடி."

நாற்காலி இல்லையென்று சொன்னால் தெரு முழுக்கப் பொறாமைக்காரி என்றாகிவிடும். ருவைதாவே தூக்கிப் போனாள். இறக்கி வைத்த கையோடு, சம்பந்தம் முடிவாகி உள்ளே குலவை எழுந்தது. எல்லாரும் அவள் வாயைத்தான் பார்த்தார்கள். அவளும் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள், அங்கிருந்த எல்லாரையும்விடச் சத்தமாக.