ஹாரன் அடித்தவருக்கு ஒரு முடிவு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. நேற்று சைக்கிளில் போன என்னை ஒரு கார்க்காரர் ஹாரன் அடித்தே சாக்கடை ஓரத்துக்குத் தள்ளினார். நேரில் வாயடைத்து நின்றுவிட்டு, கதையிலாவது ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2

‘அவள் புயலாகச் சைக்கிளை மிதித்து…’

(அடித்துவிட்டேன். புயலாவது ஒன்றாவது.)

அவள் கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பவள். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வேலைக்குப் போகும் வழியில் ஒரு குறுகலான பாலம். ஓரத்தில் ஒண்டினால் இடித்துக்கொண்டு முந்துவார்கள் என்று தெரிந்தவள். அதனால் நடுவிலேயே நிதானமாகப் போனாள். பின்னால் விடாமல் ஹாரன்.

(இந்த இடத்தில் அவளைத் திரும்பித் திட்டவைக்கப் பார்த்தேன். முடியாது என்றுவிட்டாள். “திரும்பினா ஹேண்டில் ஆடும். அந்தாளைச் சுத்தி இரும்பு, என்னைச் சுத்தி என்ன இருக்கு?” நியாயம்தான்.)

பாலம் முடிந்ததும் கைகாட்டி ஒதுங்கி வழிவிட்டாள். அப்படியும் கார் முழங்கையை உரசிக்கொண்டு போனது. இறக்கியிருந்த கண்ணாடி வழியே ஒரு குரல்: “வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?”

நின்று மூச்சு வாங்கினாள். புகார் கொடுக்கலாம் என்று வண்டி எண்ணைப் பார்த்தாள். அது அக்கா வீட்டுக் கார். குரலும் அத்தானுடையதுதான்.

3

இது என் திட்டத்திலேயே இல்லை. யாரோ ஒரு முரடன் என்றால் எழுதுவது சுலபம். அத்தானோ தங்கமான மனிதர். அவள் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர். கண்ணில் கோளாறு என்றும் சொல்ல வழியில்லை. போன மாதம் அவளேதான் பரிசோதித்தாள், பார்வை கச்சிதம். ஹெல்மெட்டுக்குள் இருப்பது யார் என்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சொன்னால் அக்கா வீட்டில் சண்டை வரும். சொல்லாவிட்டால் நாளை இன்னொருவருடைய முழங்கை, அல்லது…

4

மாலையில் அக்கா வீட்டில் சாப்பாடு. அவள் முழங்கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்ததும் அத்தான் பதறிப்போனார்.

“என்னம்மா இது! சைக்கிளை விடுன்னு எத்தனை தடவை சொன்னேன்? ரோட்ல எவன் எப்படி வர்றான்னே தெரியல. நாளையிலேர்ந்து நானே கொண்டு விடறேன்.”

முடிவு ஒன்று: சிரித்து மழுப்புகிறாள். (எனக்கு மனசு ஒப்பவில்லை.)

முடிவு இரண்டு: உண்மை தெரிந்து அத்தான் கதறி அழுகிறார். (எழுதிய எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

முடிவு மூன்று:

“அத்தான், காலைல பாலத்துல நீங்க திட்டினது என்னைத்தான்.”

பரிமாறிக்கொண்டிருந்த அக்கா கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டாள். அத்தான் தட்டை ஒதுக்கிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“ஐயோ, நீன்னு தெரிஞ்சிருந்தா நான் அப்படிப் பண்ணியிருப்பேனா?”

“மாட்டீங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

5

இதற்கு அத்தான் சொல்லும் பதிலைத் திரும்பத் திரும்ப எழுதி அடித்துவிட்டேன். நான் சைக்கிள்காரன், என் பேனா ஒரு பக்கம்தான் சாயும். நீங்கள் கார் ஓட்டுகிறவர் என்றால், அவருக்குப் பதிலாக நீங்கள் பேசுங்கள். அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள்.