தைலந்தோப்புச் சாமி

எங்க ஊட்டுக்காரரு குப்புராஜு எல்லாத்தையும் துறந்துட்டாராம். கும்மிடிப்பூண்டியில இருபத்திரண்டு வருஷம் தகரம் அடிச்ச ஆளு, போன தை மாசம் நைட்டு ஷிப்டு முடிஞ்சி வந்தாரு. "சைரன் சத்தமும் வேணாம், சூப்பர்வைசர் கத்தலும் வேணாம் கல்பனா. நான் தனியா இருக்கப் போறேன்"னு பாயை சுருட்டிக்கினு கெளம்பிட்டாரு. எங்க? இமயமலைக்கா? ஊருக்கு வெளிய ஏரிக்கரை தைலந்தோப்புக்கு. சைக்கிள்ல இருபது நிமிஷம்.

இயற்கையோட வாழ்றாராம்! அந்த இயற்கைக்கு அரிசி, பருப்பு, கொசுவத்தி எல்லாம் எங்க ஊட்ல இருந்துதான் போவுது. நான் காலையில ஆறு மணி கம்பெனி பஸ்ஸு புடிச்சி தேர்வாய் கண்டிகைக்கு பேக்கிங் வேலைக்கு ஓடணும். துரை அங்க குருவி சத்தம் கேட்டுக்கினு கீறாரு.

எம்பொண்ணு காயத்ரிக்கு வரன் அமைஞ்சப்பதான் வெனையே வந்துச்சி. மாப்பிள்ளை மணிகண்டன், செவ்வாப்பேட்டை. தங்கமான புள்ளை. அவுங்கப்பா மோகன்ராஜு கறாரு. "நிச்சயத் தட்டை பொண்ணோட அப்பா கையாலதான் வாங்குவேன். உசுரோட கீற மனுஷன் வரலன்னா இந்த சம்மந்தமே வேணாம்"னுட்டாரு. அப்பன் வேலைய உட்டுட்டு தோப்புல குந்திக்கினு கீறாருன்னு நான் மூச்சு உடல. சொன்னா எவன் பொண்ணு எடுப்பான்?

வெள்ளிக்கெழமை லீவு போட்டுட்டு தோப்புக்குப் போனேன். "ஞாயித்துக்கெழமை ஒம்பது மணிக்கு வந்து தட்டைப் புடி. அப்பால எங்கியாவது போ"ன்னேன்.

"கூட்டம்னாலே எனக்கு ஆவல கல்பனா. பாக்கலாம்."

"பாக்கலாமா? உம்பொண்ணுய்யா!"

"இங்க யாரும் எங்கிட்ட எதையும் கேக்குறதில்ல. அதான் புடிச்சிக்கிது. நீயும் கொஞ்சம் குந்து."

கால் வலிக்குதேன்னு குந்துனேன். ஏரிப்பக்கம் இருந்து காத்து வந்துச்சி. கண்ண மூடுனவ ஒரு மணி நேரம் தூங்கிட்டேன். எழுந்தப்போ வந்த கோவம் கொஞ்சநஞ்சம் இல்ல. இந்த சொகம் எனக்குத் தெரியாதா? எனக்கும்தான் சைரன் காதுல கேட்டுக்கினே கீது. நானும் பாயை சுருட்டிட்டா காயத்ரி எங்க போவா?

ஞாயித்துக்கெழமை ஒம்பதரை ஆச்சி. ஆளக் காணோம். மோகன்ராஜு வாட்சைப் பாத்தாரு, துண்டை ஒதறி தோள்ல போட்டுக்கினு எழுந்துட்டாரு. காயத்ரி முகம் செத்துப்போச்சி.

அப்பத்தான் வாசல்ல வந்து நின்னாரு. மாருல பொரள்ற தாடி, ஏரித்தண்ணியில அலசி அலசி காவி ஏறுன வேட்டி, கால்ல செருப்பு இல்ல. போச்சுடா, தொலைஞ்சோம்னு நெனச்சேன்.

"இவரா?"ன்னு கேட்டாரு மோகன்ராஜு.

"ஆமாங்க"ன்னா காயத்ரி. "வேலைய உட்டுட்டு, தைலந்தோப்புல தனியா குடிசை போட்டுக்கினு கீறாரு." எம்பொண்ணுக்குப் பொய் வராது.

மோகன்ராஜு துண்டை எடுத்து இடுப்புல கட்டுனாரு. நெடுஞ்சாண் கெடையா அந்த ஆளு கால்ல உழுந்தாரு. "சாமி! இப்பிடிப்பட்டவரு கையால தட்டு வாங்க நாங்க குடுத்து வெச்சிருக்கணும்!"

பின்னாடியே அவுரு சம்சாரம் உழுந்துச்சி, மணிகண்டனும் உழுந்தான். எங்க ஊட்டுக்காரரு முழிச்சாரு. முழிச்சிக்கினே கைய தூக்கி ஆசீர்வாதமும் பண்ணாரு! வெக்கங்கெட்ட மனுஷன். ஆனா தட்டு மாறிச்சி, எம்பொண்ணு சிரிச்சா. அந்த ஒண்ணுக்காக வாய மூடிக்கினேன்.

"நீங்க கொஞ்சம் நகருங்கம்மா, சாமியோட ஒரு போட்டோ எடுத்துக்கறோம்"னாங்க. நகுந்தேன். "சாமிக்கு ஒரு காபி கொண்டாங்கம்மா"ன்னாங்க. கொண்டாந்தேன்.

மோகன்ராஜு கண்ணு கலங்கிப் போயி சொன்னாரு. "எம்மாம் பெரிய பாரத்த இறக்கி வெச்சிட்டு வந்துக்கிறாரு! யாருக்கு வரும் இந்த மனசு?"

"ஆமா சம்மந்தி, இறக்கித்தான் வெச்சாரு"ன்னேன். "எந்தலைமேல."

தமாஷுன்னு நெனச்சி எல்லாரும் சிரிச்சாங்க. எங்க ஊட்டுக்காரரு மட்டும் காபிய தொடவே இல்ல.