வெளியே போன பதினொரு பந்துகள்

கல்முனையில் நெல்லுக்கு விலை சொல்வதில் அச்சிமுகம்மது ஹாஜியாரை ஏமாற்றியவன் இன்னும் பிறக்கவில்லை. மூடையைக் கொண்டுவந்தவன் கையாலேயே அதன் வாயைப் பிரிக்கச் சொல்வார். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து ஊதுவார். பதர் பறக்கும். மிச்சத்தில் ஒரு மணியை எடுத்துப் பல்லுக்கிடையில் வைத்துக் கடிப்பார். 'டிக்' என்று சத்தம் வந்தால் ஒரு விலை, வராவிட்டால் இன்னொரு விலை. அதற்கு மேல் பேச்சே கிடையாது.

வயலில் நிற்கிற பயிருக்கு மட்டும் அவர் ஒரு சதம் கொடுத்ததில்லை. "இப்பவே பேசி முடிப்பம் ஹாஜியார், மலிவாத் தாறன்" என்று பச்சைப் பயிரைக் காட்டிக் கெஞ்சியவர்கள் எத்தனையோ பேர். "விளையாத பயிர விக்கவும் கூடா, வாங்கவும் கூடா. மார்க்கம் அப்பிடி" என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பி வைப்பார்.

அந்த மனிதர்தான் அலையடி கூடைப்பந்துக் கழகத்தின் தலைவர். பிறகு கேட்கவா வேண்டும்?

கழகத்தில் சம்பளம் வாங்குகிற ஆட்டக்காரன் ஒரே ஒருவன்தான். பெயர் றம்ஸீன். பகலில் டைல்ஸ் கடையில் வேலை, மாலை அசர் தொழுகைக்குப் பிறகு மைதானம். அவன் ஆடுவது பொயின்ட் கார்ட் இடத்தில். பந்தை முன்னால் கொண்டுபோய், யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவெடுக்கிற இடம் அது. பதினேழு வருடமாக அந்த இடம் அவனுடையது. எட்டு வருடமாக ஹாஜியாரின் நெல் ஆலையிலிருந்து மாதம் நாற்பதாயிரம் அவன் கைக்கு வருகிறது. வயது முப்பத்தைந்து ஆகிவிட்டது. இடது முழங்கால் இப்போதெல்லாம் மழைக்கு முன்னமே செய்தி சொல்லிவிடுகிறது. ஆனாலும் அம்பாறைக் கரையில் அவனுக்கு நிகராக ஒரு கார்ட் இல்லை என்றுதான் ஊர் பேசிக்கொண்டிருந்தது. அவனும் அதை மறுத்ததில்லை.

கழகச் செயலாளர் இன்ஸாப் மாஸ்டர்தான் வம்பை இழுத்து வந்தார். காரைதீவில் பவிதரன் என்று ஒருவன் இருக்கிறான், இருபத்தொரு வயது, கல்முனை–அக்கரைப்பற்று பஸ்ஸில் கண்டக்டர், இப்படி ஒரு கார்ட்டைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். பாஸ்போர்ட்டை ஏஜென்சியில் கொடுத்துவிட்டானாம். கத்தாரில் வேலை. திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லவேண்டுமாம். கழகம் மாதாமாதம் ஏதாவது கொடுத்தால் இங்கேயே நிற்பானாம்.

"கப் ஏதும் அடிச்சிருக்கானா?" என்று கேட்டார் ஹாஜியார்.

"இல்ல ஹாஜியார். ஆனா அடிப்பான். ரெண்டு வருசம் தாங்க."

"அப்ப பச்சப் பயிர்." ஹாஜியார் றம்ஸீனைப் பார்த்தார். "ரெண்டு பேருக்குக் குடுக்க என்னால ஏலா மகன். இரிக்கிறது ஒரு சம்பளம். வெள்ளிக்கிழமை அவனோட விளையாடிப் பாத்து நீயே சொல்லு. நீ சொல்றதுதான் முடிவு."

அநியாயத்தைப் பாருங்கள்! தன் சோற்றைப் பறிக்க வந்தவனுக்குத் தானே நிறுவை பிடிக்கவேண்டும். ஆனால் ஹாஜியாருக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. நெல்லை விற்க வந்தவன் கையாலேயே மூடையைப் பிரிக்க வைக்கிற மனிதர்தானே.

வீட்டில் மனைவி றிஸ்லா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அந்தக் காசு நிண்டுபோனா மகள் ஸம்றாட டியூஷன் கிளாஸுக்கு என்ன செய்யப் போறீங்க?"

"நிக்காது" என்றான் றம்ஸீன். "நேத்து முளைச்சவன். வெள்ளிக்கிழமை அவன பஸ்ஸிலயே ஏத்தி அனுப்புறன் பாரு."

வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு கடற்கரையோரக் கொங்கிறீட் மைதானத்தில் எல்லோரும் கூடினார்கள். ஹாஜியார் கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்தார். கையில் ஆலையில் மூடை எண்ணுகிற விரல் மெஷின். ஒவ்வொரு மூடை ஏறும்போதும் ஒரு 'டிக்'. இன்றைக்கு, வீணாகிற ஒவ்வொரு பந்துக்கும் ஒரு 'டிக்'.

பவிதரன் பஸ்ஸிலிருந்து நேராக வந்திருந்தான். தோளில் கண்டக்டர் பை, மெலிந்த உடம்பு, யாரையும் நிமிர்ந்து பார்க்காத கண். இவனா என்று றம்ஸீனுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு அணி பிரித்தார்கள். றம்ஸீன் ஒரு பக்கம், பவிதரன் மறுபக்கம். கழகத்திலேயே உயரமான நிப்றாஸ் பவிதரனின் பக்கம் போனான்.

பவிதரன் கொடுத்த முதல் பந்து நிப்றாஸின் பிடரியில் போய் மோதியது. மைதானமே சிரித்தது. டிக். இரண்டாவது பந்து யாருமே இல்லாத மூலைக்குப் போய், கோட்டைத் தாண்டி மணலில் உருண்டது. டிக். மூன்றாவதும் அதே கதிதான். றம்ஸீன் நிதானமாகத் தன் ஆட்டத்தை ஆடினான். பார்த்துப் பார்த்துக் கொடுத்தான், கொடுத்ததெல்லாம் கையில் போய்ச் சேர்ந்தது. மனதுக்குள் றிஸ்லாவுக்குப் பதில்கூடத் தயாராகிவிட்டது.

நான்காவது பந்தில்தான் அவனுக்கு ஏதோ உறுத்தியது.

அந்தப் பந்தும் வெறும் இடத்துக்குத்தான் போனது. ஆனால் அந்த இடம் கூடைக்கு நேர் கீழே இருந்தது. அங்கே காவலுக்கு நின்றவன் அந்தக் கணத்தில்தான் விலகியிருந்தான். நிப்றாஸ் இடப்பக்கம் ஒரே ஓர் அடி வைத்திருந்தால் போதும், தன்னந்தனியாக நின்று பந்தைக் கூடைக்குள் வைத்திருக்கலாம். தற்செயலாக இருக்கும் என்று றம்ஸீன் தன்னைத் தேற்றிக்கொண்டான். ஐந்தாவது பந்தில் அவன் பந்தைப் பார்க்கவில்லை, அது போகிற இடத்தைப் பார்த்தான். பந்து புறப்பட்டபோது அங்கே இரண்டு பேர் நின்றார்கள். பந்து வந்து சேர்ந்தபோது அங்கே ஒருவருமில்லை. கதவு திறந்த மாதிரி இருந்தது.

பதினேழு வருடமாக றம்ஸீன், இடம் திறந்த பிறகு பந்தைக் கொடுத்தவன். இவனோ திறக்கப் போகிற இடத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுகிறான். ஒன்றல்ல, இரண்டல்ல, ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ஆறாவது, ஏழாவது, எட்டாவது... அங்கே போய் நிற்கத்தான் ஆளில்லை. தன் வீட்டைப் போலத் தெரியும் என்று நினைத்திருந்த இந்த மைதானத்தில் தான் ஒருநாளும் கால் வைக்காத அறைகள் இருப்பது றம்ஸீனுக்கு அன்றுதான் தெரிந்தது. அவன் வாய் தன்பாட்டில் "சுப்ஹானல்லாஹ்" என்று முணுமுணுத்தது.

ஆட்டம் முடிந்தது. ஹாஜியார் விரலை உயர்த்தினார்.

"பதினொண்டு. பதினொரு பதர். றம்ஸீன்ட பக்கம் ரெண்டு. என்ன மகன், முடிஞ்சுதா கத?"

இன்ஸாப் மாஸ்டரின் முகம் தொங்கிப் போனது. பவிதரன் முகத்தைத் துடைத்தான், கண்டக்டர் பையை எடுத்துத் தோளில் போட்டான். "பரவால்ல சேர். ஆறு மணி பஸ்ஸுக்குப் போகணும்" என்றான் மாஸ்டரிடம்.

றம்ஸீன் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. "ஓம் ஹாஜியார்" என்று இரண்டு சொல் சொன்னால் போதும். நாற்பதாயிரம் நின்றுபோகாது, ஸம்றாவின் கிளாஸ் நின்றுபோகாது, அம்பாறைக் கரையின் பெரிய கார்ட் என்ற பெயரும் போகாது. தான் கண்டதை அந்த மைதானத்தில் வேறு ஒரு மனிதனும் காணவில்லை. சொல்லாமல் விட்டால் அது யாருக்கும் தெரியவராது. திங்கட்கிழமை அந்தப் பொடியன் கத்தாருக்குப் போவான், அங்கே ஏதோ ஒரு கட்டடத்தின் வாசலில் காவல் நிற்பான். அதோடு சரி.

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். "கொஞ்சம் பொறுங்க ஹாஜியார்" என்று வந்தது.

"தம்பி, அஞ்சு நிமிசம் நில்லு" என்றான் பவிதரனிடம்.

"பஸ் போயிரும் நானா" என்றான், அண்ணனைக் கூப்பிடுகிற ஊர்முறையில்.

"கண்டக்டர் இங்க நிக்கக்குள்ள பஸ் எங்க போறது? பைய வை."

நிப்றாஸை வெளியே போகச் சொல்லிவிட்டு, அவன் இடத்தில் றம்ஸீன் நின்றான். "ஹாஜியார், பந்தப் பாக்காதீங்க. என்னப் பாருங்க" என்று கத்திவிட்டு ஓடத் தொடங்கினான்.

இடப்பக்கம் போக நினைத்துப் புறப்பட்டவன், பாதியில் மனம் மாறி வலப்பக்கம் வெட்டினான். மாறிய மனம் முழுதாக மாறி முடிக்குமுன் பந்து கையில் இருந்தது. கூடையில் போட்டான். மீண்டும் ஓடினான். மீண்டும் பந்து. மூன்றாம் தடவை வேண்டுமென்றே ஏமாற்றப் பார்த்தான். தோளைக் கூடையின் பக்கம் சாய்த்துவிட்டு, சடாரென்று திரும்பி மூலைக்கு ஓடினான். மூலையில் பந்து ஒரு குத்துக் குத்தி எழும்பி, அவன் நெஞ்சுக்கு நேரே வந்துகொண்டிருந்தது. ஐந்து கூடை, ஆறு கூடை, ஏழு கூடை. முழங்கால் என்று ஒன்று தனக்கு இருப்பதே மறந்துவிட்டது. இருபது வயதில்கூட அவன் இப்படி ஆடியதில்லை. சிரித்துக்கொண்டிருந்த பொடியன்களில் ஒருவன் மெதுவாக "மாஷா அல்லாஹ்" என்றான்.

றம்ஸீன் மூச்சு வாங்க நின்றான். "எப்பிடிரா? நான் போற இடம் எனக்கே தெரியா. உனக்கு எப்பிடித் தெரியும்?"

பவிதரன் வெட்கப்பட்டான். "பஸ்ஸில நானா, இறங்கப் போற ஆக்கள் வாய் திறக்க முன்னமே தெரியும். குதிக்கால் முதல்ல திரும்பும். நிந்தவூர்ல இறங்குற ஆளா, ஒலுவில் சந்தியில இறங்குற ஆளா எண்டுகூடச் சொல்லிருவன். நாலு வருசமா நெரிசலுக்குள்ள அதத்தானே பாக்கிறன். உங்கட தோள் பொய் சொன்னது. குதிக்கால் சொல்லல்ல."

றம்ஸீன் ஹாஜியாரிடம் போனான். "அந்தப் பதினொண்டும் பதர்தான் ஹாஜியார். ஆனா அவன்ட பதர் இல்ல, எங்கட பதர். பந்து சரியான இடத்துக்குத்தான் போன. நாங்கதான் அங்க இல்ல."

ஹாஜியார் தாடியைத் தடவினார். "நல்ல பயிர்தான், நான் இல்லெண்டு சொல்லல்ல. ஆனா விளையல்லயே மகன். விளையாத பயிருக்கு நான் காசு குடுக்கிறல்ல."

"விளைச்சல வாங்கவா சொல்றன்? மாவடிப்பள்ளி வட்டையில உங்கட வயலுக்கு வரம்பு கட்டுறானே, அவனுக்குக் கூலி எப்பக் குடுக்கிற?"

"அண்டைக்கே."

"விளையட்டும், மறுகா தாறன் எண்டு சொல்றல்லயே?"

ஹாஜியார் வீட்டுக்குப் போய் யோசிக்கலாம் என்று எழும்பினார். எழும்பியவர், போகிற போக்கில், "சரி, எனக்கும் ஒண்டு போடு பாப்பம்" என்றார் பவிதரனிடம், பாதி விளையாட்டாக.

பவிதரன் பந்தை மெல்ல உருட்டி விட்டான். அது ஹாஜியாரிடம் வரவேயில்லை. அவருக்கு நாலு முழம் வலப்பக்கமாகப் போய் நின்றது.

"பாத்தியா?" ஹாஜியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் இங்க நிக்கிறன், அவன் அங்க போட்டுட்டான். பன்னிரண்டு!" மெஷினை அழுத்த விரலை வைத்தார்.

அழுத்தவில்லை. பந்து நின்ற இடத்தைப் பார்த்தார். அது அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். வலது குதிக்கால் செருப்பின் பக்கமாக ஏற்கெனவே திரும்பியிருந்தது.

நாற்பது வருடமாக மணியைக் கடித்துப் பார்த்த மனிதர், தன் காலைத் தானே இன்றைக்குத்தான் முதன்முதலாகக் காண்பதுபோல் பார்த்தார். பிறகு மெஷினைப் பூச்சியத்துக்குத் திருப்பிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"கத்தாருக்குப் போகாத மகன்" என்றார் பவிதரனிடம். "திங்கக்கிழமை ஆலைக்கு வா. இந்த மாசத்துக் கூலி இந்த மாசமே."

பவிதரன் தலையாட்டினான். அவன் கண் ஒருதரம் றம்ஸீனின் பக்கம் போய், கீழே தாழ்ந்தது. யாருடைய கூலி என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

ஹாஜியாரும் றம்ஸீனிடம் திரும்பினார். "அப்ப உனக்கு, மகன்?"

ஸம்றாவின் கிளாஸ் ஞாபகம் வந்தது. றிஸ்லாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. முழங்கால் வலியும் திரும்பி வந்து தன் இடத்தில் குந்திக்கொண்டது. நெஞ்சுக்குள் கவலை இருக்கத்தான் செய்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அதற்கும் மேலே, ஆறிப்போகாமல், இன்னொன்று நின்றது. அந்த மூலையில் ஒரு குத்துக் குத்தி நெஞ்சுக்கு நேரே எழும்பி வந்ததே, அந்தப் பந்து.

"அவன் பந்து போடுற இடத்துல எனக்கு நிக்கணும் ஹாஜியார்" என்றான். "அதுக்குக் காசு வேணா."

தூரத்தில் ஆறு மணி பஸ் ஹோர்ன் அடித்தது. பவிதரன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவன் தெருவில் மறையும்வரை றம்ஸீன் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தரையில் காலை நீட்டிக் கிடந்த நிப்றாஸை எழுப்பினான்.

"எழும்பு. திங்கக்கிழமைக்குள்ள நாம அந்த இடங்களுக்குப் போகப் பழகணும்."

"எந்த இடங்களுக்கு நானா?"

"தெரியா" என்றான் றம்ஸீன். "ஓடு, பாப்பம்."

நொண்டிக்கொண்டு அவனே முதலில் ஓடினான்.