டொரண்டோவிலிருந்து இருபத்திரண்டு மணி நேரம்

காஞ்சிபுரத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் வாடகை ஐஸ் பெட்டியோடு போய் நிற்பவன் அந்தோணி. தறி ஓடும் கூடத்தில் இடம் பார்த்துப் பெட்டியை இறக்கி, பிளக்கைச் செருகிவிட்டு அவன் கேட்கிற முதல் கேள்வி, "புள்ள எந்த ஊர்ல இருக்குது?" லண்டன் என்றால் பத்தரை மணி நேரம். சிட்னி என்றால் சிங்கப்பூரில் மாறி வரப் பதினைந்து. டொரண்டோ பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர். தோஹாவில் காத்துக் கிடப்பதையும் சேர்த்து இருபத்திரண்டு. ஒரு நாளும் விமானம் ஏறாத மனுஷனுக்கு இதெல்லாம் மனப்பாடம். வராத பிள்ளைகளைப் பற்றி டீக்கடையில் வாய் கிழியப் பேசுகிறவனும் அவன்தான்.

அந்த வாய்க்குத்தான் வந்தது வினை. செவ்வாய்க்கிழமை விடிகாலையில் ஓரிக்கை வீட்டில் அவன் மனைவி லில்லி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். டொரண்டோவில் இருந்த ஒரே மகன் விக்ரம் போனில் கதறினான்.

"விசா மாத்தக் குடுத்துக்கிறேன்பா. இப்ப கெளம்பினா திரும்ப உள்ள வுடமாட்டாங்க. என்னால வர முடியாதுப்பா."

அந்தோணி போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வீடு நிறைய சனம். லில்லியின் அண்ணன் பிரேம்நாத் கேட்டார்.

"மாப்ள, புள்ள கெளம்பிட்டானா?"

"கெளம்பிட்டான் மச்சான். நாளைக்கு நாலு மணிக்கெல்லாம் வந்துடுவான்."

அவமானத்துக்குப் பயந்து சொன்ன பொய். அடக்கம் மறுநாள் மாலை ஐந்து மணிக்கு என்று முடிவானது.

அப்புறம் அந்த விமானத்தை அவன்தான் ஓட்ட வேண்டியிருந்தது. கடல் மேல வந்துக்கினு இருக்கான், தோஹாவுல எறங்கிட்டான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னான். தோஹா என்றபோதுதான் பார்த்தான்: தன் கையாலேயே மூடிய லில்லியின் கண்கள் கீற்றாகத் திறந்திருந்தன. ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கி இமைகளை மறுபடி மூடினான். மீனம்பாக்கம் என்றான், பாதி திறந்தன. சுங்குவார்சத்திரம் தாண்டிட்டான் என்றபோது முழுசாகத் திறந்து, முகமும் வாசல் பக்கம் சாய்ந்திருந்தது. எத்தனையோ பிணம் பார்த்தவன் மூடியைத் தொடாமல் பின்வாங்கினான். ஊருக்குச் சொன்ன பொய்யை இவள் நம்பிவிட்டாளே!

ஐந்து மணிக்கு வெளியே கார் வந்து நின்றது. எல்லாரும் எழுந்து ஓடினார்கள். இறங்கியவர் ஜெபம் சொல்ல வந்த ஃபாதர்.

அதற்கு மேல் அந்தோணியால் தாங்க முடியவில்லை. பெட்டியின் மேல் விழுந்து கத்தினான்.

"அவன் வரலடி லில்லி! டிக்கெட்டே போடல. நான்தான் பொய் சொன்னேன். கண்ண மூடிக்கடி!"

பிரேம்நாத் குனிந்து தங்கையின் இமைகளைத் தடவித் தடவிப் பார்த்தார். அவை இறங்கவில்லை. ஃபாதரும் முயன்றுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு விலகினார். கடைசியில் அப்படியே சவப்பெட்டியில் வைத்துத் தூக்கிப்போனார்கள். கல்லறைத் தோட்டத்தில் மூடியை வைத்து ஆணி அறையும் வரை அவள் மகனுக்காக வழி பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.